எண்ணெய் ஊற்றினால் மீன் வளராது அண்ணே, கொழுக்கும்!

அந்தக் காணொளியைப் போட்டது யார் என்று சொல்லப் போவதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கான்வாஸ் தொட்டியில் கெலி (கெளுத்தி மீன்), திலாப்பியா வளர்க்கும் எல்லாருக்கும் வந்திருக்கும். பீசாங் கோரெங் (வாழைப்பழப் பொரியல்) பொரித்த பழைய எண்ணெயைத் தீனியில் பிசைந்து, "கெலி எப்படி உருண்டு நிக்குது பாருங்க" என்று ஒரே பெருமை. "இது ஆபத்து" என்று கீழே ஒரு வரி எழுதினேன். எனக்குப் பொறாமையாம். சரி, இருக்கட்டும்.

தீனி மூட்டையில் புரதம் 32%, கொழுப்பு 6% என்று வையுங்கள். ஒரு கிலோ தீனிக்கு 100 கிராம் எண்ணெய் ஊற்றினால் கொழுப்பு 14 விழுக்காட்டைத் தாண்டும். புரதம் 29க்கு இறங்கும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்தில் 4தான். மீனுக்குச் சக்தி நிறைந்தால் வாயை மூடிக்கொள்ளும். தின்பதும் குறைவு, தின்றதில் புரதமும் குறைவு. சதை எங்கிருந்து வரும்? மிச்சமெல்லாம் குடலைச் சுற்றிக் கொழுப்பாகத் தொங்கும். வளராது அண்ணே, கொழுக்கும்.

கொழுப்பே ஆகாது என்றா சொன்னேன்? அளவான கொழுப்பை எரித்துத்தான் மீன் புரதத்தைச் சதைக்கு மிச்சம் பிடிக்கிறது. திலாப்பியாவுக்கு 5 முதல் 12 விழுக்காடு போதும். கெலி சற்றுக் கூடுதலாகத் தாங்கும்.

உடனே ஒருவர், "நார்வேயில சால்மனுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல கொடுக்கிறானே?" என்பார். அது குளிர்நீர் மீன். கொழுப்பை எரித்தே வாழும் சாதி. அதன் தீனியில் புரதமும் அதற்கேற்ப ஏற்றியிருப்பார்கள். உங்கள் தொட்டியில் சால்மனா நீந்துகிறது?

"செம்பனை எண்ணெய் கெட்டதா? நம்ம சோறே அதுலதான்" என்று இன்னொருவர். கெட்டதென்று யார் சொன்னது? பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் மீன் எண்ணெய்க்குப் பதிலாக அதைக் கெலிக்கும் திலாப்பியாவுக்கும் கொடுத்து ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். பதிலாக அண்ணே, மேலே ஊற்றி அல்ல! அதுவும் புது எண்ணெய். பலமுறை காய்ந்த எண்ணெய் சிக்கு வாடை பிடித்தது. தீனியிலுள்ள வைட்டமின் ஈ-யை அழிக்கும். ஈரல் வெளிறும், இரத்தம் குறையும், முதுகுச் சதை வற்றும். நல்ல தீனியும் தகரக் கூரைச் சூட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் இதே கதிதான். மூட்டையைப் பலகைமேல், நிழலில் வையுங்கள்.

தீனி விலை ஏறிவிட்டது, உண்மை. அதற்காக?

பிசைந்த எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர்மேல் படலமாக மிதந்து, காற்று தண்ணீரில் கலப்பதைக் குறைக்கும். கெலி மேலே வந்து வெளிக்காற்றைக் குடித்துத் தப்பிக்கும். திலாப்பியாவுக்கு அந்த வசதி இல்லை. போன வாரம் பக்கத்துத் தொட்டியில் செத்து மிதந்ததற்கு மட்டும் "ஆத்துத் தண்ணி சரியில்ல" என்று காரணம் கண்டுபிடித்தார்களே, அப்போது எண்ணெய் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

என்னைப் பேச வேண்டாம், மீனைக் கேளுங்கள். ஒரே அளவில் பத்து கெலியை எடுத்து முழுசாக நிறுங்கள். வயிற்றைக் கிழித்து, குடலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டு மறுபடி நிறுங்கள். எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் சதையல்ல. ஈரல் கருஞ்சிவப்பாக, அழுத்தினால் உடையாமல் இருக்க வேண்டும். மஞ்சளாக, விரலில் பிசுக்கென்று ஒட்டினால் எண்ணெயை நிறுத்துங்கள். தௌக்கே (மொத்த வியாபாரி) உயிரோடு நிறுத்துக் காசு கொடுத்துவிடுவார், கவலையில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிப் போய் அறுக்கிற அக்காக்கள் அடுத்த வாரம் யாரிடம் வாங்குவார்கள்?

அந்த இரண்டு எடையையும் கீழே போடுங்கள். பொறாமைக்காரன் காத்திருக்கிறேன்.