கோல்ட்மன் பெற்றவை ஐந்து பதக்கங்களா?

முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிய பிரிட்டிஷ் வீரர் வில்லியம் கோல்ட்மனுக்கு ஐந்து பதக்கங்கள் என்று அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. விருதுகள் ஐந்து, பதக்கங்கள் மூன்று: பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ், டிசிஎம் (டிஸ்டிங்விஷ்ட் காண்டக்ட் மெடல்), மிலிட்டரி மெடல். பின்னிரண்டும் மறுமுறை வழங்கப்பட்டபோது புதுப் பதக்கம் தரவில்லை, ரிப்பனில் ஒரு பட்டை மட்டும் சேர்த்தார்கள். 1918 அக்டோபரில் பிரான்சின் மேனிகின் குன்றில், பின்வாங்கியபோது விடப்பட்ட காயம்பட்டவர்களைத் தேடித் தனியாகப் போய், மூன்று முறை முதுகில் சுமந்து வந்தார். துப்பாக்கி ஏந்தாதவர் என்பதைக் கட்டுரை விட்டிருக்கக் கூடாது.

கீழக்கரை, தொண்டி பக்கம், அதே போரில் பணியாற்றிய தாத்தாவின் பதக்கம் வைத்திருப்பவர்கள் கவனிக்க: 1914-1918 என்று பொறித்து, குதிரை வீரன் உருவம் இருந்தால் அது போரில் பணியாற்றியதற்கானது, வீரச்செயலுக்கு அல்ல. இந்தியச் சிப்பாய்களின் வீரப் பதக்கமான ஐடிஎஸ்எம் (இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்) 1907இல் வந்தது. பின்பக்கம் 'ஃபார் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ்' என்றிருக்கும்.

எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில்தான். லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெள்ளி கறுத்தால் திருநீறோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள், முதலில் அழிவது அந்த எழுத்துதான். பெயர் போனால் யாருடையது என்று நிறுவவே முடியாது. உப்புக்காற்றில் மாட்டி வைக்காமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ரிப்பனைத் துவைக்க வேண்டாம், சாயம் ஓடிவிடும்.