லைட் சீலுக்கு அசிட்டோனும் வேண்டாம், டேப்பும் வேண்டாம்

பழைய ஃபிலிம் கேமராவின் லைட் சீலை (பின்கதவு ஓரத்தில் வெளிச்சம் உள்ளே புகாமல் தடுக்கும் ஃபோம் பட்டையை) அசிட்டோனால் துடைத்துவிட்டு, கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

அசிட்டோன் பல பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும், பெயின்ட்டையும் உரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலே தாராளம். பழைய ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தால் சிதைந்து தார் மாதிரிப் பிசுபிசுப்பாகிவிடும். அதைப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்த பிறகு, லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் மிச்சத்தைத் துடையுங்கள். ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டர் திரைமேல் துகளோ துளியோ விழவே கூடாது. இதில் அவசரம் வேண்டாம்.

டேப் ஏன் உதவாது? பின்கதவை மூடும்போது சீல் அமுங்கி இடைவெளியை நிரப்ப வேண்டும். டேப் அமுங்காது, போகப்போக அதன் பசையும் கசியும். ஃபோம்தான் சரி. கதவின் பள்ளங்களுக்குப் பெரும்பாலும் 1 முதல் 1.5 மி.மீ. தடிமன் போதும், கீல் பக்கம் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். மாடலுக்கு மாடல் இது மாறும். தடிமன் அதிகமானால் கதவு சரியாக மூடாது. ஒட்டும் பரப்பில் கொஞ்சம் ஆல்கஹால் தடவினால், பசை பிடிப்பதற்குள் பட்டையை நகர்த்திச் சரிசெய்யலாம்.

எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளேயுள்ள கண்ணாடியால் வியூஃபைண்டருக்குத் திருப்பும் கேமரா) என்றால், படமெடுக்கும்போது அந்தக் கண்ணாடி மேலெழுந்து மோதும் இடத்து ஃபோமையும் பாருங்கள். அங்கே கண்ணாடியின் அடியைத் தாங்குவதும் அதன் வேலை. அதை எடுக்கும்போது ஃபோகஸிங் ஸ்கிரீனில் (கண்ணாடிக்கு மேலே காட்சி விழும் தகட்டில்) தூசி விழுந்தால் ஊதுபந்தால் ஊதுங்கள், ஆல்கஹாலால் துடைக்காதீர்கள்.