ஒரே மூச்சில் இரண்டு பட்டம்

போன சனிக்கிழமை ராத்திரி அக்கா ஒரு படம் அனுப்பினார். பட்டமளிப்பு அங்கி போட்ட ஒரு பெண், இரண்டு கையிலும் இரண்டு சுருள், வாயெல்லாம் பல். மேலே கொட்டை எழுத்தில் "5 ஆண்டுகளில் இளங்கலையும் முதுகலையும்". அதற்குக் கீழே அக்காவின் குரல் பதிவு: "தம்பி, இது நல்லா இருக்கே? பாப்பாவுக்கு இதையே போட்டுறலாமா? நாளைக்குப் பெர்ரியில வர்றோம், பேசணும்."

பாப்பா என்றாலும் அவளுக்கு 20 வயது. ஆறாம் படிவம் முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். மின்னணுப் பொறியியல்தான் வேண்டுமாம். பினாங்கில் வளர்ந்த பிள்ளை வேறு என்ன கேட்கும்? 1972இல் பாயான் லெப்பாஸில் ப்ரீ டிரேட் ஸோன் வந்து, அதே வருடம் இன்டெல்லும் வந்ததிலிருந்து, இங்கே எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் பேக்டரி சட்டை போட்ட ஒருவராவது இருப்பார். எங்கள் வீட்டில் அக்கா முதல் ஆள், நான் இரண்டாவது.

இதே கேள்வியை இந்த வருடம் என்னிடம் கேட்ட மூன்றாவது ஆள் அக்கா. நான் இந்த இணைப்புப் படிப்பைப் படித்தவன் என்று எல்லாருக்கும் தெரியும். எப்படி முடித்தேன் என்பது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. மறுநாள் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்த பிறகு, பில்லின் பின்பக்கத்தில் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டியதுதான் இது. படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற மலேசிய அமைப்பான எம்.கியூ.ஏ.வின் விதிப்படி இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட். பொறியியலுக்கு இன்னும் கூடவே இருக்கும். பாடம் படித்துத் தேர்வெழுதும் முதுகலைக்கு 40. நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, லேப், வீட்டில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொள்வது, தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆக முதுகலைக்கு 1,600 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று பார்த்தால் சரியாக 40 வாரம்.

இரண்டையும் இணைக்கும்போது பொதுவாக என்ன செய்கிறார்கள் என்றால், கடைசி வருடத்தில் விருப்பப் பாடங்களுக்குப் பதிலாக இரண்டு மூன்று முதுகலைப் பாடங்களை எடுக்கச் சொல்கிறார்கள். அந்தப் பாடங்கள் இரண்டு பட்டத்துக்குமே கணக்கில் சேரும். மூன்று பாடம், பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் 9 கிரெடிட், 360 மணி நேரம். படிப்பில் உண்மையாகவே மிச்சமாவது இவ்வளவுதான். விளம்பரத்தில் சொல்கிற மீதிக் காலமெல்லாம் செமஸ்டர் விடுமுறையிலிருந்தும், ஒரு பட்டம் முடிந்து அடுத்ததற்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் மாதங்களிலிருந்தும் எடுத்தது.

பாப்பா பில்லைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அப்போ லீவைத்தான் வெட்டுறாங்களா மாமா?"

கிட்டத்தட்ட அதுதான்.

வெளிநாட்டில் இதெல்லாம் சகஜம். அமெரிக்காவில் நாலும் ஒன்றும் ஐந்து என்று பல பல்கலைக்கழகங்களில் நடக்கிறது. இந்தியாவில் ஐ.ஐ.டி.களில் பி.டெக்., எம்.டெக். இரண்டும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு உண்டு. பிரிட்டனில் எம்.இங். என்று ஒன்று. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் நான்கே வருடம். ஆனால் முடிவில் கையில் வருவது ஒரே பட்டம், முதுகலை மட்டத்தில். விளம்பரப் படத்தில் இவை எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரி. பெயர் வேண்டாம், பல வருடம் ஆகிவிட்டது. நான்காம் வருடத்தில் இறுதியாண்டு புராஜெக்ட்டோடு இரண்டு முதுகலைப் பாடங்களையும் தலையில் ஏற்றிக்கொண்டேன். அந்த வகுப்பு ராத்திரி 7 மணிக்கு. என்னோடு உட்கார்ந்தவர்கள் எல்லாம் பகலில் வேலை பார்த்துவிட்டுக் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வருகிறவர்கள். விரிவுரையாளர் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதினால், "போன மாதம் எங்கள் பேக்டரி லைனில் இதே பிரச்சினைதான்" என்று அவர்களுக்குள் பேச்சு ஓடும். நான் லைனையே பார்த்தது கிடையாது. குனிந்து எழுதிக்கொண்டிருப்பேன். சிக்னல் புராசஸிங்கில் எனக்கு சி பிளஸ் வந்தது.

சி பிளஸ் என்றால் இளங்கலையில் தேர்ச்சி, கவலையில்லை. முதுகலையில் மொத்தச் சராசரி 3.0 இருந்தால்தான் பட்டம். எங்கள் கல்லூரியோ இன்னும் ஒரு படி மேலே போய், பி-க்குக் கீழே வந்த பாடத்தை முதுகலைக்குச் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்றது. ஒரே விடைத்தாளை வைத்துக்கொண்டு நான் ஒரு படிப்பில் பாஸ், இன்னொன்றில் பெயில். அந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். அடுத்த முறை நடந்தபோது நேரம் வேறு ஒரு பாடத்தோடு மோதியது. ஐந்து வருடம் ஐந்தரை ஆனது. அவசரமில்லாமல் தனித்தனியாகப் படித்திருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

அதைக்கூட விடுங்கள். ஐந்தாம் வருடத்தில், பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரியில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்காணலுக்குப் போய் வந்த நாலாவது நாளே அழைத்துவிட்டார்கள். செனட் கடிதத்தை மட்டும் அனுப்பச் சொன்னார்கள். பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே, இவர் படிப்பை முடித்துவிட்டார் என்று பல்கலைக்கழகம் கொடுக்கிற கடிதம் அது. நான் நான்கு வருட இளங்கலையை முழுதாக முடித்திருந்தேன், அதில் ஒரு கிரெடிட் பாக்கி இல்லை. கவுன்டரில் போய்க் கேட்டேன். அந்த அம்மா கணினியைப் பார்த்துவிட்டு, "இந்தப் படிப்புக்கு இரண்டும் சேர்ந்துதான் செனட்டுக்குப் போகும்" என்றார். முதுகலை முடிந்தால்தான் இளங்கலையே வரும்! அதாவது அன்றைக்கு என் கையில் இருந்த பெரிய சான்றிதழ் பள்ளியில் வாங்கிய எஸ்.பி.எம்.

அவர் மேல் தப்பில்லை. சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தில், ஆறாவது பக்கத்தில், அது இருந்தது. யார் ஆறாவது பக்கம் வரைக்கும் படிக்கிறார்கள்? பேக்டரிக்காரர்கள் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு படிப்பு முடிகிறவரைக்கும் என் அறை வாடகையை மாதா மாதம் போட்டுவிட்டது அக்கா. கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில், பேக்டரியில் ஓவர்டைம் செய்த காசு. "எப்ப முடியும்?" என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூட மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது நேர்காணல் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவன் நான். போன வருடம் ஒரு பையன் வந்தான். முதுகலை, நல்ல பல்கலைக்கழகம், 3.8 சராசரி. மின் அலையைத் திரையில் காட்டும் அசிலோஸ்கோப்பை எடுத்துக் கொடுத்து, போர்டில் ஒரு புள்ளியைக் காட்டி, அலையைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். திரை முழுக்க இரைச்சல். அவன் திருகுகளைத் திருகிக்கொண்டே இரைச்சலைப் பற்றிப் பத்து நிமிடம் அழகாக விளக்கினான், வடிகட்டி எப்படிப் போட வேண்டும் என்றுகூடச் சொன்னான். புரோபின் கிரவுண்ட் கிளிப் எங்கேயும் மாட்டாமல் மேசையில் கிடந்தது, இரைச்சலுக்குக் காரணமே அதுதான். நான் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த வயதில் நானும் அப்படித்தான். அவனை எடுத்துக்கொண்டோம், இப்போது நன்றாகவே செய்கிறான். ஆனால் தொடக்கச் சம்பளத்தில் முதுகலைக்கென்று சேர்ந்த தொகையைச் சொன்னால் அந்த விளம்பரத்துப் பெண் இரண்டாவது சுருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிவதற்கும் அங்கீகாரம் பெற்ற இளங்கலை போதும்.

எல்லாருக்கும் இது வேண்டாத வேலை என்று சொல்ல மாட்டேன். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு முதுகலை இல்லாமல் கதவே திறக்காது. ஒரு துறையில் ஆழமாக இறங்கவேண்டும் என்று முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவுதான். முனைவர் பட்டம் குறிக்கோள் என்றால் அந்த முதுகலை பாடமா, ஆய்வா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி, இளங்கலையை முடி, இரண்டு மூன்று வருடம் வேலை செய், எது தெரியவில்லை என்று தெரிந்த பிறகு ராத்திரி வகுப்புக்குப் போ. நான் எல்லாருக்கும் சொல்லி வந்தது இதுதான். ஏபெல் என்று ஒரு வழியும் இருக்கிறது. படித்த சான்றிதழ் குறைவாக இருந்தாலும் துறையில் பெற்ற வேலை அனுபவத்தை மதிப்பிட்டு உள்ளே எடுக்கிறார்கள். இளங்கலைக்கு 21 வயதுக்கு மேல், முதுகலைக்கு 30க்கு மேல் இருக்கவேண்டும். இதையெல்லாம் அன்றைக்கு லிட்டில் இந்தியாவிலும் சொன்னேன், ரொம்ப நிறைவாக.

அக்கா மோர் தம்ளரைக் கீழே வைத்தார். "நீ சொல்றதெல்லாம் ஆம்பளப் பிள்ளைக்குச் சரி தம்பி."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"டிகிரி முடிஞ்ச மறுமாசம் வரன் வரும். வேலைக்குப் போறேன், ரெண்டு வருஷம் கழிச்சு மாஸ்டர்ஸ் பண்றேன்னு இவ சொன்னா, சரிம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் பண்ணிக்கலாம்னு எல்லாரும் தலையாட்டுவாங்க. நானும் அப்படித் தலையாட்டுன ஆளுங்க நடுவுலதான் இருந்தேன். படிச்சிக்கிட்டு இருக்கான்னு சொன்னாத்தான் வாயைத் திறக்க மாட்டாங்க. ஒரே மூச்சில முடிச்சிட்டு வரட்டும்."

அக்காவும் ஆறாம் படிவம் போனவர்தான். பாதியில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஒரு வருடம் பேக்டரியில் இருந்துவிட்டுத் திரும்பப் போகிறேன் என்று பிறைக்குப் போனார். இப்போது 30 வருடம். லைன் சூப்பர்வைசர். அவருக்குக் கீழே 40 பேர். அவர் கைகாட்டி நிறுத்தினால் லைன் நிற்கும், பொறியியலாளர் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

எனக்குப் பதில் வரவில்லை. என் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை முடித்தவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர், நான்கும் ஆண்கள். ராத்திரி வகுப்புக்குப் போனபோது நான்கு பேர் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சோறூட்ட ஆள் இருந்தது. ஐந்தாவதாகத் தொடங்கியது ஒரு பெண், இரண்டாவது குழந்தையோடு நின்றுபோனது. நான் "இடைவெளி விட்டுப் படி" என்று ஊருக்கெல்லாம் சொன்னபோது, அந்த இடைவெளியில் ஆணுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். பாப்பா போகட்டும். ஆனால் இளங்கலை அதன் காலத்தில் தனியாக அவள் கைக்கு வர வேண்டும். அது முதுகலையின் வாலில் தொங்குகிற படிப்பாக இருந்தால், விளம்பரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நான்காம் வருடம் உடம்புக்கு முடியவில்லை, பணம் இல்லை, அல்லது இந்தத் துறையே பிடிக்கவில்லை என்றாலும், ஒரு முழுப் பட்டத்தோடு இறங்க வழி இருக்க வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து பாப்பா கைப்பேசியில் மின்னஞ்சல் எழுதத் தொடங்கினாள். இளங்கலைக்குத் தனியாக செனட் கடிதம் எப்போது வரும், இரண்டுக்கும் சேருகிற பாடத்தில் பி-க்குக் கீழே வந்தால் என்ன ஆகும், இரண்டு படிப்புக்கும் தனித்தனியாக எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா. நான் ஒன்று சேர்க்கச் சொன்னேன்: சேருகிற பாடங்களுக்குக் கட்டணம் இளங்கலை விலையிலா, முதுகலை விலையிலா? பிள்ளை படிப்புக்கு ஈ.பி.எப்.பிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடிக்கிற சேமநிதியிலிருந்து, எடுக்கலாம் என்பது அக்காவுக்குத் தெரியும். முன்பு இரண்டாவது கணக்கு, 2024 மே மாதத்திலிருந்து அதற்கு அக்காவுன் செஜாத்திரா என்று பெயர். ஆனால் அது ஐந்தாம் வருடம் வரைக்கும் தாங்குமா என்று உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டும். அக்காவின் ஓவர்டைம் காசில் ஏற்கெனவே ஒரு முதுகலை முடிந்திருக்கிறது. இன்னொன்றும் அப்படித்தான் முடியவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மின்னஞ்சலுக்குச் செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. கட்டணத்துக்கு மட்டும் விலாவாரியாகப் பதில் இருந்தது, மற்ற மூன்றுக்கும் "எங்கள் ஆலோசகரை நேரில் வந்து பாருங்கள்". பாப்பா அதே மூன்று கேள்வியையும் திரும்ப அனுப்பியிருக்கிறாள், எழுத்தில் பதில் வேண்டும் என்று. என்னைவிடக் கெட்டிக்காரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களைப் பெர்ரிக்குக் கொண்டுபோய் விட்டேன். பாப்பா முன்னால் போய்விட்டாள். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"அந்த ஏபெல்லுன்னியே, 21 வயசுக்கு மேலன்னு. மேலன்னா, எவ்வளவு மேல?"