தொட்டி கட்டப் பணம் வரும், மோட்டார் ஓட்டப் பணம் வராது

பேரூராட்சிக்குப் புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி வேண்டுமென்றால் மத்திய அரசின் அம்ருத், மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போல ஏதோ ஒரு கதவு திறக்கும். அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் காயில் (கம்பிச்சுருள்) எரிந்துபோனால் எந்தத் திட்டமும் எட்டிப் பார்க்காது. பொது நிதியில்தான் கை வைக்க வேண்டும். ஆக, திறப்புவிழா நடக்கும் ஒவ்வொரு சொத்தும் மாதாமாதம் ஒரு செலவைக் கூட்டிவிட்டுத்தான் போகிறது. அந்தச் செலவை யார் தருவார்கள் என்று விழா மேடையில் யாரும் கேட்பதில்லை.

பொது நிதி என்பது சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், சந்தை மற்றும் பேருந்து நிலையக் குத்தகை, இவற்றோடு மாநில நிதிக்குழு மானியம். சம்பளம், மின் கட்டணம், டீசல், பிளீச்சிங் பவுடர், பல்பு எல்லாம் இதற்குள்தான். மத்திய நிதிக்குழு மானியம் வருகிறதே என்பார்கள். 15ஆவது நிதிக்குழுவின் காலத்தில் (2021-26) அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றிருந்தது.

மின் கட்டணத்திலிருந்தே தொடங்குவோம், பெரிய ஓட்டை அங்கேதான். 20 வாட் எல்இடி விளக்கு 1,000 இருக்கிற ஊர், இரவுக்கு 11 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 220 யூனிட், மாதம் 6,600. பழைய குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து 50 வாட் தின்னும். அந்தக் கணக்கில் இது மாதம் 16,500. எல்இடி போட்டது நல்ல காரியம்தான். ஆனால் விடிந்தபிறகும் இரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 1,200 யூனிட் வீண். இதற்குப் பெரும்பாலும் ஆள் காரணமல்ல. டைமரில் பேட்டரி செத்திருக்கும். மின்தடை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கடிகாரம் பின்தங்கிவிடும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பெட்டியாகப் போய் மணியைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. விளக்கு அணைந்தாலும் பெரும்பாலும் எல்இடி போயிருக்காது, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் ‘டிரைவர்’ என்ற பாகம் போயிருக்கும். அதை மட்டும் மாற்றத் தனியாக டிரைவர் வாங்கி வைக்காததால் முழு விளக்கையே கழற்றிப் போட்டுப் புதிது மாட்டுகிறார்கள்.

அடுத்தது மோட்டார். 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் மணிக்குச் சுமார் 9 யூனிட் இழுக்கும். போன வருஷம் மூன்று மணி நேரத்தில் நிரம்பிய தொட்டி இப்போது நான்கு மணி நேரம் எடுக்கிறதென்றால் மூன்றில் ஒன்று: நீர்மட்டம் இறங்கியிருக்கிறது, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது ஏற்றுக்குழாயில் கசிவு. ஓடிய நேரத்தைத் தினமும் பதிவேட்டில் எழுதினால் இது இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் மோட்டார் புகையும் அன்றுதான் தெரியும். புகைவதற்குச் சிறிய ஊர்களில் வழக்கமான காரணம் மும்முனையில் ஒரு முனை போய், மீதி இரண்டில் ஓடுவது. அதைத் தடுக்கும் கருவி பேனலிலேயே இருக்கும். அடிக்கடி டிரிப் ஆகிறதே, தண்ணீர் ஏறவில்லை என்று ஜனங்கள் திட்டுகிறார்களே என்று ஆபரேட்டர் அதை பைபாஸ் செய்துவைத்திருப்பார். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பிறகு காயில் கட்டக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள், மாற்று மோட்டார் கிடையாது, லாரித் தண்ணீர், செலவு செய்துவிட்டுப் பேரூராட்சி மன்றத்தில் ஒப்புதல் வாங்கும் பின்னேற்புத் தீர்மானம்.

குளோரின் விஷயத்தில் மன்றங்கள் காட்டும் அலட்சியம் மன்னிக்க முடியாதது. ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் குளோரின் சேர 100 கிராம் வேண்டும். புதிய பிளீச்சிங் பவுடரில் 33 சதவீதம் குளோரின் என்றால் 300 கிராம் போதும். தகரக் கொட்டகையில் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் 500 கிராம் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி அடுக்குவதில் வரும் லாபம் இப்படித்தான் கரைகிறது. பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக்கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். சோதிக்க வேண்டிய இடம் தொட்டியடியில் இருக்கும் குழாய் அல்ல, கடைசித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் போட்டது போதவில்லை, அல்லது வழியில் ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது. நம் ஊர்க் குழாய்கள் சாக்கடையைக் குறுக்கே தாண்டிப் போகின்றன. தண்ணீர் விடாத நேரத்தில் அழுத்தம் இல்லாத குழாய் கசிவு வழியே வெளியே இருப்பதை உறிஞ்சும். வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி இழுப்பவர்கள் இந்தப் புண்ணியத்தில் பங்காளிகள்.

சரி, வரவு. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. 2023 விதிகளின்படி ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம் கூடும். 2022இல் குடியிருப்புகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை வரி உயர்ந்தபோது வந்த கூச்சல் நினைவிருக்கும். கூச்சலில் நியாயம் உண்டு, ஆனால் வேறு இடத்தில். வரிவிதிப்புப் பதிவேட்டில் தரைத்தளம் மட்டும். நேரில் பார்த்தால் மாடி இரண்டு. பதிவேட்டில் வீடு, கீழே மளிகைக்கடையும் செல்போன் கடையும். உயர்வு ஒழுங்காகக் கட்டியவர் தலையில் விழுந்தது, பதிவேட்டில் இல்லாத மாடிக்கு எத்தனை மடங்கு உயர்த்தினாலும் பூஜ்யம்தான். இதைப் பிடிக்கப் பெரிய சர்வே தேவையில்லை. மின்வாரியத்தின் இணைப்புப் பட்டியலை வாங்கித் தெருவாரியாக வரிவிதிப்பு எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒரே கதவிலக்கத்தில் நான்கு மின் இணைப்பு, வரிவிதிப்பு ஒன்று என்றால் அங்கே ஆளை அனுப்பலாம். அனுப்பாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும்: அந்த வீடு யாராவது ஒரு கவுன்சிலரின் சொந்தக்காரருடையதாக இருக்கும்.

குத்தகை ஏலத்தில் பறிபோவது இன்னும் சுலபமாகப் பறிபோகிறது. ஏப்ரல் 1இல் தொடங்க வேண்டிய சந்தைக் குத்தகைக்கு மார்ச் கடைசியில் ஏலம் வைத்தால், உள்ளூர்க்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு குறைத்தே கேட்பார்கள். மறு ஏலத்துக்கு நாள் இருக்காது. ஜனவரியிலேயே முதல் ஏலம் வைத்தால் இரண்டு முறை ரத்து செய்யவும் தைரியம் வரும்.

குப்பையைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். திட்டத்தில் வாங்கிய பேட்டரி வண்டிகள் குப்பையைத் தரம்பிரிக்கும் இடமான வளம் மீட்புப் பூங்காவின் ஓரத்தில் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் ஓட்டுநர் இல்லை என்று நினைக்காதீர்கள். பேட்டரி ஆயுள் முடிந்திருக்கும். மாற்று பேட்டரிக்கு யாரும் நிதி ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் மன்றக் கூட்டத்தில் நடப்பது வார்டு பங்கீடு. 15 வார்டு என்றால் கிடைத்த பணத்தை 15 ஆக வகுத்து, ஆளுக்கு ஒரு துண்டு பேவர் பிளாக் சாலை. மோட்டாருக்கும் பிரதானக் குழாய்க்கும் வார்டு கிடையாது. அதனால் அவற்றுக்காகப் பேச ஆளும் கிடையாது. என் பார்வையில் பேரூராட்சிகளைக் கெடுக்கும் பழக்கங்களில் இதுதான் முதலிடம். லஞ்சம்கூட இதற்கு அடுத்துதான்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைகளில் முழங்குபவர்கள் குடவோலையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களின் உறவினர்களையும் மறுபடி வாரியத்துக்கு வரவிடக்கூடாது என்றும் சொல்கிறது. உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி.

நான் வேண்டுவது ஒரே ஒரு நடைமுறை. எந்தப் புதிய சொத்துக்கான மதிப்பீடு மன்றத்துக்கு வந்தாலும், அதை ஓராண்டு ஓட்ட ஆகும் மின்சாரம், ஆள், பவுடர், உதிரிபாகம் என்ற கணக்கு ஒரு தனித்தாளில் இணைக்கப்பட வேண்டும். எந்த வரவிலிருந்து என்ற பத்தியும் அதிலேயே. அந்தப் பத்தி காலியாக இருந்தால் அந்தத் தீர்மானத்தை ஒத்திவைக்கலாம்.

வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபையில் குடிமக்கள் நான்கு பதிவேடுகளைக் கேட்கலாம்: மோட்டார் ஓடிய நேரம், குளோரின் சோதனை, மின் கட்டண ரசீதுகள், சொத்து வரியின் கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல் (வர வேண்டியது, வந்தது, பாக்கி). காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு; 30 நாளில் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். குளோரின் பதிவேட்டை ஆறு மாதத்துக்கு வாங்கிப் பாருங்கள். ஞாயிறு, தீபாவளி, மின்தடை நாள் எல்லாவற்றிலும் ஒரே பேனாவில் ஒரே 0.2 இருந்தால், அடுத்த மனு எதைப் பற்றி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.