பச்சை விறகு போட்டாலும் பாய்லர் எரியுமா?

"விறகை வாயுவாக்கி எரிக்கும் பாய்லரில் பச்சை விறகையே போடலாம், எப்படியும் வாயுவாகத்தானே மாறப்போகிறது" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அன்று வெட்டிய விறகில் பாதி எடை தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.7 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் போய்விடும். இந்தப் பாய்லரில் மேல் அறையில் விறகு வாயுவாகும், கீழ் அறையில் அந்த வாயு எரியும். தண்ணீரால் மேல் அறையின் சூடு இறங்கினால் வாயு சரியாகப் பிரியாது; கீழ் அறையில் சீறி எரிய வேண்டிய தழல் மங்கி, சுவரெல்லாம் கறுப்புத் தார் பிசுபிசுவென்று ஒட்டும். புகைபோக்கியில் படியும் தார் தீப்பிடிக்கவும் கூடும், அதுதான் பெரிய பயம்.

ஜெர்மனியில் உலர் எடைக் கணக்கில் (அதாவது தண்ணீர் நீங்கிய விறகின் எடையில்) 25 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள விறகை வீட்டு அடுப்பில் எரிக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, ஓரிரு வருடம் காயவிடுங்கள். அப்புறம் எரியுங்கள்.