புறம்போக்கு என்றால் சும்மா கிடக்கும் நிலம் இல்லை

"அரசு நிலம்தானே, சாலையை அகலப்படுத்த ஏன் இவ்வளவு இழுக்கிறார்கள்?" என்று சாலை வேலை பற்றிய உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். நெடுஞ்சாலை வேலையில் களப் பொறியாளராக இருந்தவன், கொஞ்சம் சொல்கிறேன்.

ஏரி, ஓடை, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாமே புறம்போக்குதான். காப்புக்காடு குறுக்கே வந்தால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். எல்லைக்கல் புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) இருக்கும், தரையில் இருக்காது. ஒருமுறை சர்வேயரோடு அரை நாள் தேடி, கடைசியில் ஒரு டீக்கடை அடுப்புக்கு அடியில் கண்டுபிடித்தோம். கடைக்காரர் எங்களுக்கே டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "எப்ப சார் காலி பண்ணணும்?" என்றார். அப்புறம் மின்கம்பம், குடிநீர்க் குழாய், எண் எழுதிய புளியமரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு கடிதம்.

சரி, கட்டுரையில் சாலையின் தரத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! சாலையின் ஆயுள் தாருக்குக் கீழேதான் இருக்கிறது. ஜல்லி அடுக்குகளுக்குக் கீழே உள்ள மேல்மட்ட 50 செ.மீ. மண், ஆய்வகச் சோதனையில் அதே மண் எட்டும் உச்ச அடர்த்தியில் 97 சதவீதமாவது இறுகியிருக்க வேண்டும். குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியில் மணல் நிரப்பி அளப்போம். 94 வந்தால் மறுபடி தண்ணீர், மறுபடி ரோலர். "ஒரு இடம்தானே சார்" என்பார் ஒப்பந்ததாரரின் ஆள்.

மழைக்கு முன்னால் முடிக்கிற அவசரத்தில் ஓர் ஏரிக்கரை வளைவில் நானும் விட்டுக்கொடுத்தேன். அடுத்த வருடமே அங்கே பள்ளம். இப்போதும் பஸ் அந்த வளைவில் குலுங்கும்போது வெளியே பார்க்க மாட்டேன்.