வெடித்த கை அழுக்குக் கை இல்லை

அந்த ஏற்காடு வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "உங்க ஊரு பாரு" என்று. பார்த்தேன். காபிப் பழம் பறிக்கிற ஒரு அம்மாவின் கையைப் பிடித்துக் கேமரா பக்கம் திருப்பி, "பனிக்காலத்துல கவனிக்காம விட்டா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லி, எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டு, அழகுக் குறிப்பு வீடியோ போடுகிற ஒரு தம்பி தேய்க்கிறார். "எரியுது கண்ணு" என்று கையை இழுக்கிறார் அந்த அம்மா. "அழுக்கு போகுதும்மா, எரியத்தான் செய்யும்" என்று இவர் இன்னும் அழுத்துகிறார். கீழே நூற்றுக்கணக்கில் இதயக்குறிகள்.

அது அழுக்கு இல்லை. வெடித்த தோல் அழுக்கு இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

நம் தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் என்று ஒரு கொழுப்புப் பூச்சு இருக்கிறது. உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாமல் பிடித்து வைப்பது அதுதான். குளிர்காலத்தில் அது குறையும். ஈரம் போகும், தோல் இறுகும், மடங்குகிற இடத்தில் பிளக்கும். பிளந்த இடம் ஒரு காயம். காயத்தில் எலுமிச்சையைத் தேய்ப்பீர்களா? நல்ல தோலின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து கருந்தழும்பு நிற்கிறது. வேலைக்கு வந்த இடத்தில், அடுத்த நிமிடமே வெயிலுக்குப் போகப்போகிறவர் கையில் அதைத் தேய்க்கிறார்கள்.

"ஏற்காட்டில்தான் எப்பப் பார்த்தாலும் மூடுபனியாச்சே, ஈரக் காத்துல தோல் எப்படிக் காயும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் தாங்க முடியாது. மூடுபனியாகவே இருந்தாலும் அதில் இருக்கிற மொத்த நீர் கொஞ்சம்தான். அந்தக் காற்று நம் சூடான உடம்பில் பட்டுச் சூடாகும்போது தோலிலிருந்துதான் ஈரத்தை இழுக்கும். அதோடு விடியற்காலைப் பனியில் நனைந்த செடிக்குள் கையை விட்டு எடுப்பது, நனைவது, காற்றில் காய்வது, மறுபடி நனைவது. நாள் முழுக்க இப்படி நனைந்து நனைந்து காய்கிற கைதான் முதலில் வெடிக்கும். பாத்திரம் கழுவுகிற வீட்டுப் பெண்களின் கையும், சலவை செய்கிறவர்கள் கையும் வெடிப்பது இதனால்தான்.

என் அம்மா பழம் பறித்தவர். மார்கழி, தை முழுக்க அதுதான் வேலை. பழத்தின் சாறு பிசுபிசுவென்று விரலில் ஒட்டி, காய்ந்து, கறுத்துப்போகும். சாயங்காலம் எடை போட்டுவிட்டு வந்ததும் அந்தக் கறை போகவேண்டும் என்று துணி சோப்பை எடுத்துக் கொதிக்கிற வெந்நீரில் கையை முக்கித் தேய்ப்பார். ஏன் என்றால் மறுநாள் யாராவது கையைப் பார்த்து முகம் சுளித்துவிடக் கூடாதே. கடைக்காரர் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பாராம். அந்த சோப்பும் வெந்நீரும்தான் இருந்த கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் வழித்துக்கொண்டு போனது. கட்டை விரலின் ஓரத்தில் பிளவுக்குள் செக்கச்செவேல் என்று தெரியும். சோறு பிசையும்போது உப்பும் புளியும் பட்டு அவர் முகம் போகிற போக்கை நான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். அப்புறம் அடுப்போரம் உட்காருவார். மலையில் அந்த மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாக உறைந்துகிடக்கும், 24 டிகிரிக்குக் கீழே போனால் அது அப்படித்தான். அதைச் சூடு காட்டி இளக்கி, மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை அதில் உருக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் வெடிப்பில் அடைப்பார். பழைய துணியைச் சுற்றிக்கொண்டு தூங்குவார். இன்றைக்குத் தோல் மருத்துவர் வாசலின் தடவச் சொல்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், ஈரத்தை வெளியே விடாமல் அடைப்பது. கவனிக்காமல் விட்டார்களாம்!

"எங்க பாட்டி எலுமிச்சை தேய்ச்சுதான் வாழ்ந்தாங்க" என்று வருவீர்கள், தெரியும். உங்கள் பாட்டி தேய்த்தது கரிப்பிடித்த பாத்திரத்தையும், அதிகம் போனால் முழங்கையையும். வெடித்த கையை அல்ல.

"நீ என்ன டாக்டரா?" இல்லை. அந்தத் தம்பியும் இல்லை, அவரை யாரும் கேட்கவில்லையே.

"நிறைய தண்ணி குடிக்கச் சொன்னாரே, அதுவுமா தப்பு?" குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் குடிக்கிற தண்ணீர் நேராகப் போய் மேல்தோலில் நிற்காது. தோலுக்கு வெளியிலிருந்துதான் உதவி வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெயோ வாசலினோ கிளிசரின் கலந்த க்ரீமோ பூசவேண்டும். விலை உயர்ந்ததுதான் வேலை செய்யும் என்பதில்லை. குதிகால் தடித்திருந்தால் யூரியா க்ரீம் என்று கேளுங்கள். கடலை மாவு, பயத்த மாவு எல்லாம் எண்ணெயை இழுக்கிற சாமான், காய்ந்த தோலுக்கு அது ஆகாது.

குளிர்காலத்தில் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்று வீடியோவின் கடைசியில் போகிறபோக்கில் சொல்கிறார், அதையும் விடமுடியவில்லை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். மார்கழி உச்சிவெயில்கூட நமக்குச் சுள்ளென்று மேலிருந்துதான் விழுகிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மெல்லிய மேகம் அதைத் தடுக்காது. குளிருகிறது என்பதால் வெயில் சுடவில்லை என்று அர்த்தமில்லை.

இதைவிட எனக்குப் பயம் வேறொன்றில். கருத்துப் பகுதியில் ஒருவர், "மெடிக்கல்ல ஒரு ட்யூப் கேளுங்க, மூணு நாள்ல தோல் பளிங்கு மாதிரி ஆயிடும்" என்று பெயரோடு போட்டிருக்கிறார். அது வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. சேலத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா, பனியில் முகம் வெள்ளை பூத்ததற்குக் கடையில் கொடுத்ததை மாதக்கணக்கில் தடவினார். முகத் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயிலில் நின்றாலே நெருப்பாக எரிந்து, நிறுத்தினால் இன்னும் மோசமாகி, அந்த அக்கா கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். 2018லேயே மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது. சேலம் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே போய்க் காட்டுங்கள்.

"அந்தத் தம்பி நல்ல மனசோடதானே செஞ்சார்?" இருக்கலாம். அப்படியென்றால் எரிகிறது என்று சொன்னதும் நிறுத்தியிருப்பார். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பறித்த கை பார்க்க நன்றாக இல்லை என்று உங்களுக்கு வருத்தம். கையுறை கொடுத்தார்களா, வெடித்த கைக்கு ஒரு நாள் கூலியோடு லீவு உண்டா, ஒரு டப்பா வாசலினாவது தோட்டத்தில் வைத்திருக்கிறார்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முன்னூறு பேர் "சூப்பர் டிப்ஸ்" என்று போட்டிருக்கிறீர்கள். அதில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், அதுதான் அடிவயிற்றில் வலிக்கிறது.

பகிர்ந்தவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்த வீடியோவின் கீழே, சேலத்தில் குகை என்கிற பகுதியிலிருந்து ஒரு பெரியவர், தனக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, குதிகால் வெடித்திருக்கிறது, நாளைக்கு எலுமிச்சை போட்டுப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறார். பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவர்கள் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், எரிவதுகூடத் தெரியாது, சின்ன வெடிப்பே புண்ணாகி விரலை எடுக்கிற அளவுக்குப் போகலாம். அவருக்குப் பதில் போட்டேன், இன்னும் பார்க்கவில்லை. குகைப் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது அவரைத் தெரிந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.